மணி ஒன்பது நாற்பது

ஆண்கள் நடப்பதைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில் இதை இப்படியே சொன்னேன். என் வருங்கால மாமனார் கல்யாணப் பேச்சை ஒரு மாதம் தள்ளிப் போட்டார். பிறகு விளக்கம் கொடுத்தேன்: சுகாதார இலாகாவில், யானைக்கால் நோய் ஒழிப்புப் பிரிவில் வேலை. கால் வீங்கியவர்களும், கால்களுக்கு நடுவே வீங்கியவர்களும் எப்படி நடப்பார்கள் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர் இன்னொரு மாதம் யோசித்தார்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பாசாரிலும் கோயில் வரிசையிலும் கல்யாண மண்டபத்திலும் அது தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. "மத்த வீட்டு ஆம்பளைங்க பொம்பளைங்களப் பார்ப்பாங்க, திட்டலாம். உங்கள என்னான்னு திட்டுறது?" என்பாள் சீதாலெட்சுமி. இரண்டு மாதம் காத்திருந்து நான் கட்டிக்கொண்டவள்.

ஜனவரியில் எங்கள் கிள்ளான் வீட்டு இரும்புக் கேட்டின் கீல் உடைந்தது. மேருவில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது, மலிவு என்றார்கள். போனேன். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜாகா எழுந்து கதவைத் திறக்க வந்தார். பத்தடி தூரம்தான். கால்களை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பலாப்பழத்தைத் தொடைகளுக்கிடையே ஏந்தி வருபவரைப் போல வந்தார். கைலியின் கொசுவத்தை வேண்டுமென்றே பெரிதாக வைத்துக் கட்டியிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணை.

"என்னா பாஸ், அப்பிடிப் பார்க்குறீங்க?"

"ஒன்னுமில்ல. கேட்டு..."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு இடது கை மோதிர விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இந்த விரலு ஞாபகம் இருக்கா? காட்டேரி சார்தானே நீங்க?"

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிடக்கூடியவர்கள் ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் மட்டும்தான். அதிலும் அந்த விரலைக் காட்டி உரிமை கொண்டாடுகிறவன் ஒருவன்தான்.

"நாகையா! கோல்கீப்பர் நாகையா!"

"ஆமா. நீங்க குத்துன வலியிலதான் அன்னிக்குப் பந்து கையவுட்டுப் போச்சு. முப்பத்தெட்டு வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றான், பல் தெரிய.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அடங்கியும் போனது. அந்தக் குத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும்.

காட்டேரி என்ற பட்டம் எனக்குச் சும்மா வரவில்லை. யானைக்காலை உண்டாக்கும் புழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதன் குஞ்சுகள் பகலெல்லாம் உடம்பின் உள்ளே எங்கோ படுத்துக்கிடக்கும். இரவு ஒன்பதுக்கு மேல், கொசு கடிக்க வரும் நேரம் பார்த்து, தோலோரத்து ரத்தத்துக்கு வரும். ஆகவே நாங்களும் இரவில்தான் போக வேண்டும். ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் டார்ச் லைட்டும் ஊசியும் கண்ணாடித் துண்டுகளுமாக லயத்து வீடுகளின் கதவைத் தட்டுவோம். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுவார்கள். பாம்பைக் கையால் பிடிக்கிற ஆண்பிள்ளைகள் விரல் நுனியில் ஒரு சொட்டைப் பார்த்ததும் சரிந்து விழுவார்கள். நாய்கள் இலாகாவின் எல்லா ஊழியர்களையும் சமமாகவே கடித்தன.

இப்போது நினைத்தால் அந்த இரவுகள்தான் எனக்கு இளமை. ஈரமான பால் மரங்களின் வாசம், ஒட்டுப்பாலின் நாற்றம், யாரோ ஒரு வீட்டில் பால்டின்னில் ஊற்றிக் கொடுக்கும் கறுப்புக் காப்பி. "இந்தா சாமி, ரத்தம் எடுக்குற, காப்பியாவது குடிச்சுட்டுப் போ." எடுத்தவனுக்கே காப்பி கொடுத்த ஜனங்கள் அவர்கள்.

எனக்கு மேலதிகாரி சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டே கொசுக்காட்டுக்குள் வருவார். கையில் கடிகாரம். அந்தக் கடிகாரம்தான் எங்கள் வேதம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் பெயர், வயது, வீட்டு எண், ரத்தம் எடுத்த நேரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். "ஒன்பதுக்கு முந்தி எடுத்தால் அது ரத்தமில்லை, சிவத்த மை. விளங்குதோ?" என்பார். விளங்கியது. விளங்கியதுதான் பிரச்சினை.

மேருவில் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் நாகையாவுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அங்கே தலையணை இல்லை, அவன் உட்காரவில்லை. தூணில் சாய்ந்து நின்றான்.

"எத்தன வருசமா?" என்று கேட்டேன். எதை என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"ஏழு எட்டு இருக்கும். மொத எலுமிச்சங்கா. இப்ப தேங்கா. கிளினிக்குல ரெண்டு தடவ ஊசி வச்சுத் தண்ணி எடுத்தாங்க. மறுபடி ரொம்பிடுச்சு. வெட்டணும்னாரு டாக்டரு."

"வெட்டிக்க வேண்டியதுதானே?"

"ஐசி கேப்பாங்கல்ல."

அவனிடம் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. குடிமகனுக்கான நீல நிறத்திலும் இல்லை, மற்றவர்களுக்கான சிவப்பிலும் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா பிறப்பைப் பதியாமலே செத்தார். அம்மா தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் போய்ச் சொன்னாள், கிராணி அடுத்த மாசம் என்றார். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. தொண்ணூறுகளில் தோட்டத்தை விற்றார்கள். ஆபீஸ் போனது, கிராணி போனார், பள்ளிக்கூடமும் மூடியது. "நான் பொறந்த எடத்துல இப்ப யாரோ காடி நிப்பாட்டுறாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னான்.

ஐசி இல்லாதவனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரன் கட்டணம். பாஸ்போர்ட் உள்ள வெளிநாட்டுக்காரனுக்காவது திரும்பிப் போக ஒரு நாடு உண்டு. பட்டறை முதலாளி நல்லவர்தானாம். ஆனால் லோரி வந்து ஹார்ன் அடித்து, இவன் எழுந்து, நடந்து, கதவைத் திறப்பதற்குள் டிரைவர்கள் கத்துகிறார்கள். 'சீனப் பெருநாள் கழிச்சு ரெண்டு மாசம் பார்க்குறேன், அப்புறம் வேற ஆள்தான்' என்று சொல்லிவிட்டார். நாகையா படுப்பதும் அந்தப் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில்தான்.

"அப்ப ரெண்டு மாசத்துல வெட்டியாகணும்" என்றேன்.

"நீங்க குத்துறவரு. வெட்டுறவரு இல்லையே" என்றான்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். யுகேந்திரன் என்ற இளம் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சின்ன ஆப்பரேஷன்தான் அங்கிள். அரை மணி நேரம். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அரை மணி நேரம்! எட்டு வருஷமாக ஒரு மனிதன் தலையணை இல்லாமல் உட்கார முடியாமல் இருப்பது அரை மணி நேர வேலைக்காக. இவன் தோட்டத்தில் யானைக்கால் இருந்த பழைய கதையைக் கேட்டதும், விரலில் ஒரு சொட்டு எடுத்துச் சின்ன அட்டையில் விட்டுப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் பதில். பட்டப்பகலில்! இரவெல்லாம் நாய்க்கடி வாங்கிய எனக்கு அந்த அட்டையைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. புழு இருப்பதாக அட்டை காட்டவில்லை.

அடுத்து கவுண்டர். ஐசி. இல்லை. பாஸ்போர்ட். இல்லை. கவுண்டரில் இருந்த பெண் எங்களைச் சமூக நல அதிகாரியின் அறைக்கு அனுப்பினாள். அதிகாரியின் பெயர் புனிதா. முப்பது வயது இருக்கும், மேசை நிறைய பைல், பைல்களுக்கு நடுவே பாதி கடித்த கறி பாப்.

"கட்டணத்தக் குறைக்க நான் கேஸ் எழுதலாம் அங்கிள். ஆனா இவரு இங்கதான் பொறந்து வளர்ந்தவருன்னு காட்ட ஏதாச்சும் வேணும். ஸ்கூல் சர்ட்டிபிகேட்?"

"அந்த ஸ்கூலே இப்ப இல்லம்மா" என்றேன்.

"தோட்டத்து பே ஸ்லிப்?"

"கையில குடுப்பாங்க. தாளு ஏது?" என்றான் நாகையா.

"ஏதாச்சும் ஒரு கவர்மெண்ட் பேப்பர். பேரு, வருசம், சாப் குத்தினது. அவ்வளவுதான். ஒன்னே ஒன்னு இருந்தா போதும், நான் மேல சண்ட போடுவேன்."

நாகையா சிரித்தான். "கவர்மெண்டுக்கு என்னையத் தெரியவே தெரியாது தங்கச்சி."

கவர்மெண்டுக்கு அவனைத் தெரியும். ஒரே ஒரு முறை கவர்மெண்ட் அவன் பெயரை எழுதியது. எழுதியது நான். அந்தத் தாள் உள்ள நோட்டு கிள்ளானில் என் வீட்டு அலமாரி மேல் பிஸ்கட் டின்னில் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அறுபத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சீதாலெட்சுமி கூட இருந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

அந்தத் தாளின் கதை இதுதான்.

1987. தோட்டங்களுக்கிடையிலான பந்துப் போட்டியில் எங்கள் ஜில்லாவின் இறுதி ஆட்டம். ரவாங் திடலில் விளக்குப் போட்டு, இரவு எட்டே முக்காலுக்கு. நாங்கள் அந்தத் தோட்டத்தில் நான்கு இரவுகளாக ரத்தம் எடுத்து முடித்திருந்தோம். பாக்கி பதினோரு பேர். எல்லோரும் பந்து விளையாடுகிற பையன்கள், தினமும் பயிற்சிக்குப் போய்விட்டுப் பிந்தி வருகிறவர்கள். அன்றே அவர்களையும் முடித்தாக வேண்டும், மறுநாள் எங்களுக்கு வேறு தோட்டம். சண்முகரத்தினம் சார், "நீர் போய் எடும். எனக்கு ரவாங் ஆபீஸில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தம் பழைய காரில் போனார்.

நான் மோட்டர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு மணி. லோரி தயாராக நின்றது. பையன்கள் மஞ்சள் சட்டை போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பேச்சாளன் நாகையா.

"சார், இப்பவே குத்திடுங்க சார். மேட்ச் முடிஞ்சு வர பன்னெண்டு ஆகும். ரத்தம் எப்ப எடுத்தாலும் ரத்தம்தானே?"

"ஒன்பதுக்கு மேலதான் எடுக்கணும்."

"ஒன்பதுக்கு நான் கோல் போஸ்ட்டுல நிப்பேன். அங்க வந்து குத்துவீங்களா? அஞ்சு வருசத்துல மொத தடவ பைனலுக்கு வந்திருக்கோம் சார்!"

எனக்கு இருபத்து மூன்று வயது. எனக்கும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. லோரிக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்க வைத்துப் பதினோரு விரல்களையும் குத்தினேன். நோட்டில் நேரம் எழுதும்போது மட்டும் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. நாகையா, வயது பதினெட்டு, வீடு பதினாலு, இரவு மணி 9.40. அடுத்தவன் 9.43. அதற்கடுத்தவன் 9.46. மூன்று மூன்று நிமிஷமாக, பார்க்க அவ்வளவு அழகான பொய். பிறகு மோட்டரை லயத்தில் போட்டுவிட்டு நானும் லோரியில் ஏறிக்கொண்டேன்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டாவது கோல் நாகையாவின் கையைத் தட்டிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது லோரியில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் அவன் விரலை எனக்கு நீட்டி, "எல்லாம் உங்களாலதான் காட்டேரி சார்" என்றான். லோரி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த ஒரு பத்து நிமிஷத்தைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பதினோரு கண்ணாடியிலும் ஒன்றும் இல்லை என்று சோதனைக் கூடம் எழுதியது. சிவத்த மையில் என்ன இருக்கும்? யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. பின்னாளில் யானைக்கால் குறைந்து டெங்கி வந்தது. கொசு மாறியது, நானும் மாறினேன். ஓய்வு பெறும்போது பழைய கார்பன் நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சீதாலெட்சுமி கதையை முழுக்கக் கேட்டாள். நாற்காலி போட்டு ஏறி, பிஸ்கட் டின்னை இறக்கி, என் முன்னால் வைத்தாள்.

"மானம் போயிடும்னு பார்க்குறீங்களா?"

"பென்ஷன் கூடப் போகலாம்."

"பென்ஷன் போனா கேட்டுக்கு வெல்டிங் பண்ண வேணாம். கயிறு போட்டுக் கட்டிக்கலாம். எடுத்துக்கிட்டுப் போங்க."

புனிதா நோட்டைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். பெயர், வயது, தோட்டம், வீட்டு எண், இலாகா சாப் முத்திரை, அதிகாரி கையெழுத்து. "அங்கிள், இது தங்கம்! இதையா வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்க?" ஆனால் நோட்டு என் வீட்டிலிருந்து வந்ததால், கையெழுத்துப் போட்ட அதிகாரியே ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது என்றாள். "உயிரோட இருக்காங்களா?"

இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில், மகள் ஜெயமாலாவின் அடுக்குமாடி வீட்டில், எண்பத்தேழு வயதில்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஒத்திகை பார்த்தேன். சார், ஒரு சிறு தவறு. சார், அந்தக் காலத்தில். சார், வயசுக் கோளாறு. ஜெயமாலா கதவைத் திறந்து, "அப்பா, உங்கட ஆள் வந்திருக்கிறார்" என்றாள். அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தான் போட்டிருந்தது. கடிகாரம் மணிக்கட்டில் தொளதொளவென்று முழங்கை வரை போய் வந்தது.

"என்ன சபாபதி, வயித்தைக் கொஞ்சம் குறையும். இரும்."

உட்காரவில்லை. நோட்டைத் திறந்து மடியில் வைத்தேன். நாகையாவைப் பற்றிச் சொன்னேன். ஐசி, ஆப்பரேஷன், கடிதம் எல்லாம் சொன்னேன். கடைசியில், ஒத்திகை பார்த்த ஒரு வரியும் வராமல், "சார், இந்த நேரமெல்லாம் பொய். ஆறு இருபதுக்கு எடுத்தேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு வெகு நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்."

"சார்?"

"ஒன்பது நாப்பதுக்கு இந்தப் பெடியன் கோல் போஸ்ட்டில நிண்டவன். நான் பார்த்தனான்."

"நீங்க ரவாங் ஆபீஸ்ல..."

"ஆபீஸ் திடலுக்குப் பின்னாலதானே கிடந்தது" என்றார். காது சிவந்துவிட்டது. "ஐஸ் கச்சாங் வண்டிக்குப் பின்னால நிண்டு பார்த்தன். தலையில கைலேஞ்சி கட்டிக்கொண்டு. நீர் லோரியில வந்து இறங்கினதும் கண்டன். உம்மைப் பிடிச்சால் நானும் அங்க நிண்டது தெரிய வருமே. அடுத்த நாள் கையெழுத்து வச்சிட்டன்."

முப்பத்தெட்டு வருஷம்! நான் அவரைக் கண்டு நடுங்கினேன். அவர் என்னைக் கண்டு நடுங்கியிருக்கிறார்.

"அடுத்த கிழமை திரும்பப் போய் எடுப்பம் எண்டுதான் நினைச்சன்" என்றார். "பிறகு மழை. பிறகு மாற்றம். பிறகு..." கையை விரித்தார். "அது நல்ல ஆட்டம், சபாபதி. அந்தப் பெடியன் நல்லாப் பிடிச்சவன். அந்த ரெண்டாவது பந்து பெனால்டியே இல்லை. நடுவர் விழல்."

இரண்டு பேரும் பிரிக்ஃபீல்ட்ஸ் பால்கனியில் அந்தப் பெனால்டியைக் கால் மணி நேரம் விவாதித்தோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு அவர் ஜெயமாலாவைக் கூப்பிட்டு டைப் செய்யச் சொன்னார். நாகையா என்பவரை இந்தத் தோட்டத்தில், பதினெட்டு வயதில், எங்கள் பிரிவு பதிவு செய்தது உண்மை. நோட்டில் உள்ள இரவு 9.40 என்ற நேரம் தவறு. ரத்தம் எடுத்தது மாலை 6.20. மேற்பார்வை செய்ய வேண்டிய நான் அங்கே இல்லை.

"அப்பா, இந்தக் கடைசி வரி தேவையோ?" என்றாள் ஜெயமாலா.

"தேவை."

ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆனது. போட்டு முடித்துக் கடிகாரத்தை முழங்கையிலிருந்து இறக்கிப் பார்த்தார். "மணியையும் போடு பிள்ளை. காலமை பத்து இருபத்தைஞ்சு."

நகல் எடுத்துக்கொண்டு அன்று மாலையே மேருவுக்குப் போனேன். கடிதத்தைப் புனிதாவிடம் கொடுக்கும் முன் நாகையாவிடம் காட்ட வேண்டும். மலாய்க் கடிதத்தை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். எண்கள் வந்த இடத்தில் விரல் நின்றது.

"ஒன்பது நாப்பதா? அப்ப நான் கோல் போஸ்ட்டுல நின்னேன். செகண்ட் ஹாப்."

"ஆமா. நான் பொய் எழுதினேன்." புழு எப்போது வரும், மாலையில் எடுத்தால் ஏன் தெரியாது, தெரியாமல் போனதால் யாருக்கும் மாத்திரை கிடைக்காமல் போனது எல்லாம் சொன்னேன். என் தொழிலை இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

"அப்ப இது அதனாலயா?"

"தெரியல நாகையா. டாக்டரக் கேட்டேன். புழு இல்லாமலும் இது வரும். ஆஸ்பத்திரி அட்டைல இப்ப ஒன்னும் காட்டல. ஆனா அன்னிக்குப் புழு இருந்திருந்தாலும் இத்தன வருசத்துல அது செத்துப் போயிருக்கும். கெடுத்தது மட்டும்தான் நிக்கும். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

லோரி ஒன்று வந்து ஹார்ன் அடித்தது. நாகையா எழுந்தான். பத்தடி போய்க் கதவைத் திறந்தான். லோரி போனது. கதவைச் சாத்தினான். பத்தடி திரும்பி வந்தான். நான் பார்த்த எத்தனையோ ஆயிரம் நடைகளில் அந்த இருபதடிதான் மிக நீளமானது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

தலையணையைச் சரி செய்துகொண்டே, "மத்தப் பத்து பேரு?" என்றான்.

"என்ன?"

"எனக்குத் தெரியாத மாதிரி அவனுங்களுக்கும் தெரியாதுல்ல?"

முப்பத்தெட்டு வருஷமாக நான் ஒருவனைக்கூடத் தேடிப் போகவில்லை.

அவன் தலையணைமேல் மெல்ல உட்கார்ந்தான். "நாந்தான் கெஞ்சுனேன். நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா லோரிய வுட்டு எறங்கியிருக்க மாட்டேன், குத்தாமலே போயிருப்பேன். எப்பிடியும் தெரிஞ்சிருக்காது." பிறகு, "ஆனா எழுதும்போது நெசத்த எழுதியிருக்கலாம் சார். யாராச்சும் திரும்பி வந்திருப்பாங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஓய்வு பெறும்போது இலாகா கொடுத்த பாராட்டுக் கடிதத்தில் இரண்டு பக்கம் இருந்தது. அதை இந்த ஒரு வரி அழித்துவிட்டது.

புனிதா சொன்னபடி மேலே சண்டை போட்டாள். எப்படிப் போட்டாள் என்று கேட்டால் கறி பாப்பைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கட்டணம் நாங்கள் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. ஐசி விஷயம் வேறு இலாகா, வேறு வரிசை. அதற்கும் அந்தத் தாளின் நகல் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. மார்ச் மாதக் கடைசியில், முதலாளி கொடுத்த இரண்டு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, நாகையாவை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் யுகேந்திரன் அரை மணி என்றார். ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. சீதாலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கா வெட்டுறாங்க? கைய விடுங்க, வலிக்குது" என்றாள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். நாகையா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மறுபடி எழுதுகிறேன்: தலையணை இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"நோட்டு கொண்டாந்தீங்களா?" என்றான்.

கொண்டு போயிருந்தேன். பின்பக்கத்தில் வெற்றுத் தாள்கள் இருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு, திடலில் நிற்க வைப்பது போல ஒவ்வொருவராகச் சொன்னான். "ரைட் பேக் ராதாகிருஷ்ணன். ரவாங்குல சாப்பாட்டுக் கடை. லெப்ட் பேக் சுகுமாறன், அவன் மக பங்சார்ல வேல செய்யுறா, அவகிட்டக் கேட்டா தெரியும். சென்டர் ஹாப் செத்துட்டான், லோரி அடிச்சு. அதுக்குப் புழு காரணமில்ல, பயப்படாதீங்க." ஏழு பேருக்கு ஏதோ ஒரு விலாசம் கிடைத்தது. ஒருவன் இல்லை. இரண்டு பேர் எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை.

"மொத ராதாகிருஷ்ணன். நானும் வரேன்" என்றான். "நீங்க மட்டும் போயி அவன் நடக்குறதப் பார்த்துக்கிட்டு நின்னீங்கன்னா கரண்டியால அடிப்பான்."

பிறகு கழிவறைக்குப் போக வேண்டும் என்றான். நர்ஸ் கை கொடுக்க வந்தாள். வேண்டாம் என்று இறங்கினான். வலியில் முகம் சுருங்கியது. முதல் இரண்டடி பழையபடி கால்களை அகட்டித்தான் வைத்தான், உடம்புக்கு இன்னும் சேதி போகவில்லை. மூன்றாவது அடியில் நின்று குனிந்து பார்த்தான். அப்புறம் வலது பாதத்தை இடது பாதத்துக்குப் பக்கத்தில், மெதுவாக, மிகப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். ஆஸ்பத்திரிக் கைலி இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டது.

"அங்கிள், என்ன அப்பிடிப் பார்க்குறீங்க?" என்றாள் நர்ஸ், கொஞ்சம் சந்தேகமாக.

"வேலதாம்மா" என்றேன். "இப்ப சம்பளம் இல்ல."

நாகையா திரும்பிப் பார்க்காமலேயே இடது கை மோதிர விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தான்.